கார் கதவைத் திறக்கும் முன்: வான்கூவர் தெருக்களில் வன்முறை, மனக்காயம், போதை

தெருவில் நின்று பாலியல் தொழில் செய்யும் பெண் ஊசியும் போடுபவளாக இருந்துவிட்டால், ‘போதைக்கு அடிமையானாள், தெருவுக்கு வந்தாள், அடிபடுகிறாள்’ என்று மூன்றே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். காவல் நிலையத்திலும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலும் நீதிமன்றத்திலும் ஓடுவது இதே கதைதான். கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்தக் கதையை நம்பியே நடந்துகொண்டது. அதற்கு விலையாகப் போனவை உயிர்கள். அதே நகரத்தில்தான், எதனால் எது நடக்கிறது என்று இந்தப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளும் நடந்தன. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வன்முறையைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: முடிவெடுக்க அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, அவள் எந்த இடத்தில் நிற்கிறாள். போதைப்பொருள் நேரத்தைச் சுருக்குகிறது. சட்டம் நேரத்தையும் இடத்தையும் சேர்த்தே சுருக்குகிறது.

இடத்தை முதலில் பார்த்துவிடலாம். டவுன்டவுன் ஈஸ்ட்சைடு என்பது ஹேஸ்டிங்ஸ் தெருவும் மெயின் தெருவும் சந்திக்கும் முனையைச் சுற்றியுள்ள சில தெருக்கள். பழைய விடுதிகளில் ஆளுக்கு ஒரு சிறிய அறை, மாடிக்கு ஒரு பொதுக் குளியலறை. வடக்கே ரயில் தண்டவாளம், துறைமுகம். கிழக்கே கிடங்குகள், பட்டறைகள். இந்தப் பெண்கள் எப்போதும் இங்கே நின்றவர்கள் இல்லை. 1975 டிசம்பரில் பென்ட்ஹவுஸ் என்ற இரவு விடுதியைப் போலீஸ் சோதனை போட்டு மூடியபோது, அதுவரை கூரைக்குக் கீழே வாடிக்கையாளர்களைச் சந்தித்தவர்கள் வெஸ்ட் எண்ட் பகுதியின் டேவி தெருவுக்கு வந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். 1984-ல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண உச்ச நீதிமன்றம் கிரான்வில் தெருவுக்கு மேற்கே அவர்கள் நிற்கத் தடை விதித்தது. அடுத்த தெருவில் நின்றார்கள், அங்கிருந்தும் விரட்டினார்கள். இப்படியே நகர்ந்து நகர்ந்து, இரவில் ஆள் நடமாட்டமே இல்லாத கிடங்குத் தெருக்களில் போய்ச் சேர்ந்தார்கள். 1985 டிசம்பரில் நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. அதன்படி உடலை விற்பது குற்றமில்லை, வாங்குவதும் குற்றமில்லை. பொது இடத்தில் அதைப் பற்றிப் பேசுவது குற்றம்.

1980-களின் நடுவிலிருந்து அந்த மாகாணத்தில் தெருவில் தொழில் செய்யும் பெண்கள் கொல்லப்படுவது கூடிக்கொண்டே போனதை சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகக் குற்றவியலாளர் ஜான் லோமன் ஆவணப்படுத்தினார். அவர்களை ‘அப்புறப்படுத்த வேண்டிய’ பொருளாகவே பத்திரிகைகளும் அதிகாரிகளும் பேசிய பேச்சு கொலைகாரர்களுக்கு வழிவிட்டது என்பது அவர் வாதம். 2016-ல் வெஸ்ட் எண்டின் ஜெர்விஸ் தெருவில், விரட்டப்பட்டவர்களின் நினைவாகச் சிவப்பு விளக்கு எரியும் ஒரு கம்பத்தை நகரம் நட்டது. முப்பத்திரண்டு ஆண்டு தாமதம்.

கார் நிற்கும் அந்த நிமிடம்

‘பேசுவது குற்றம்’ என்ற சட்டம் காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும். தெருமுனையில் அது என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

அனுபவமுள்ள பெண் கார் வந்து நின்றதும் ஏறிவிட மாட்டாள். ஜன்னலருகே குனிந்து பேசிக்கொண்டே பின்சீட்டைப் பார்ப்பாள். அங்கே இன்னொருவன் படுத்திருக்கிறானா, போர்வைக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று. பயணி பக்கத்துக் கதவுக்கு உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடி இருக்கிறதா என்று பார்ப்பாள். கழற்றி வைத்திருந்தால் அந்தக் கார் வேண்டாம். அவன் கண், பேச்சில் குழறல், மது வாடை, கை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கணக்கு. என்ன செய்வது, எவ்வளவு பணம், ஆணுறை கட்டாயம், எந்த இடத்துக்குப் போவது என்ற நான்கையும் ஏறும் முன்பே பேசி முடிப்பாள். பணம் முதலில். இடம் அவள் சொல்லும் இடம்: வெளிச்சம் உள்ள, கத்தினால் யாருக்காவது கேட்கக்கூடிய, காரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி அவள் கதவை அடைத்துவிட முடியாத இடம். கூட நிற்கும் தோழி நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொள்வாள், அல்லது குறிப்பதுபோல் நடிப்பாள். அவன் பார்க்கும்படி நடித்தாலே பாதி வேலை முடிந்தது. கழுத்தில் துப்பட்டாவோ கனமான சங்கிலியோ கிடையாது, பிடித்து இழுக்க வசதியாகிவிடும்.

இதற்கெல்லாம் இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆனால் அன்றைய சட்டப்படி குற்றமே அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் இருந்தது. போலீஸ் வண்டி திருப்பத்தில் வந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் முதலில் ஏறிவிடுகிறாள், பேச்சு கார் நகர்ந்த பிறகு. அப்போது இடத்தை அவன்தான் முடிவு செய்வான், வேகமும் அவன் கையில். ஆணுறை வேண்டாம் என்று அவன் சொன்னால் இறங்குவதற்குக் கதவு ஓடும் காரில் இருக்கிறது.

கேட் ஷானன் தலைமையில் வான்கூவரில் நடந்து 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வு இதை எண்களில் காட்டியது. தெருவில் தொழில் செய்த, போதைப்பொருள் பயன்படுத்திய 237 பெண்களை 18 மாதம் பின்தொடர்ந்தார்கள். அந்தக் காலத்துக்குள் 57 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகை வன்முறைக்கு ஆளானார்கள். யார் அதிகம் அடிபட்டார்கள் என்று பார்த்தபோது தெரிந்த காரணிகள்: வீடில்லாமல் இருப்பது, போதை சிகிச்சைக்கு முயன்றும் இடம் கிடைக்காமல் போவது, காரிலோ பொது இடத்திலோ வாடிக்கையாளரைப் பார்ப்பது, முன்பு போலீசிடம் அடிபட்டிருப்பது, போலீஸ் கெடுபிடியால் பெரிய தெருவை விட்டு ஒதுங்கிப் போயிருப்பது, கைது செய்யாமலே போலீஸ் ஊசியையும் பைப்பையும் பிடுங்கிக்கொள்வது. இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் அந்தப் பெண்ணின் குணம் பற்றியது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியில் சொன்ன காரணி பலருக்குப் புரிவதில்லை. ஊசியைப் பிடுங்கினால் அடி ஏன் கூட வேண்டும்? ஊசி போனால் பயன்பாடு நிற்பதில்லை. அவள் இன்னொருவரின் ஊசியை, அநேகமாக ஓர் ஆணின் ஊசியை, அவன் அறையில் போய்ப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. கையிலிருந்த பொருளும் போயிருந்தால் அந்த இரவில் இன்னொரு காரில் ஏறியாக வேண்டும், அதுவும் இன்னும் அவசரமாக. சில நேரம் கைதாகிப் பிணையில் வரும்போது ‘இந்த இந்தத் தெருக்களுக்குள் வரக் கூடாது’ என்று நிபந்தனை போடுவார்கள். அந்தத் தெருக்களில்தான் சாப்பாட்டு மையமும் கிளினிக்கும் தோழிகளும் இருக்கும்.

உடம்புக்குள் ஓடும் கடிகாரம்

போதைப்பொருள் இந்தக் கணக்கில் நுழைவது இங்கேதான். ஹெராயின் போட்டு 6 முதல் 12 மணி நேரத்தில் உடம்பு திருப்பிக் கேட்கத் தொடங்கும். கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், வியர்வை, மயிர்க்கூச்செறிதல். பிறகு வயிற்றுப்போக்கு, வாந்தி, கால் எலும்புக்குள் குடைச்சல். தெருவில் இதற்கு ‘டோப்சிக்’ என்று பெயர். சாகடிக்காது, ஆனால் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினால் போதும் என்ற நினைப்பே வராதபடி செய்துவிடும். மாலையில் உடம்பு சரியாக இருக்கும்போது மூன்று கார்களை வேண்டாம் என்று அனுப்பிய அதே பெண், விடியற்காலையில் டோப்சிக்காக இருக்கும்போது நாலாவது காரில் பின்சீட்டைப் பார்க்காமல் ஏறுகிறாள். ஆணுறை இல்லாமல் என்றால் கூடுதல் பணம் என்று அவன் சொல்வதும் அந்த நேரத்தில்தான். வாடிக்கையாளர்களில் சிலருக்கு இந்தக் கடிகாரம் நன்றாகவே தெரியும்; கைநடுக்கம் வரும் நேரம் பார்த்துச் சுற்றுவார்கள்.

கிராக் கொக்கெய்னுக்குக் கடிகாரம் இன்னும் வேகம். புகைத்தால் போதை ஐந்து பத்து நிமிடம்தான், இறங்கும்போதே அடுத்ததைக் கேட்கும். 1990-களில் கொக்கெய்னை ஊசியில் ஏற்றியவர்கள் ஒரே நாளில் இருபது முறை வரை போட்டார்கள். எச்.ஐ.வி. அந்தப் பகுதியில் காட்டுத்தீயாகப் பரவி, 1997-ல் வட்டார சுகாதார வாரியம் அவசரநிலை அறிவித்தது. அதற்குப் பிந்தையது ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபென்டனிலின் காலம், அது வேறு மாதிரி. மிகைபோதைச் சாவுகள் பெருகியதால் 2016 ஏப்ரல் 14 அன்று மாகாணமே அவசரநிலை அறிவித்தது. ஃபென்டனில் சீக்கிரம் இறங்கிவிடுவதால் ஒரே இரவில் இரண்டு மூன்று முறை டோப்சிக் ஆக நேரிடுகிறது. அதாவது மோசமான முடிவுகள் எடுக்கும் நேரம் ஓர் இரவுக்கு ஒன்றாக இருந்தது, மூன்றாகிவிட்டது.

இதைவிடக் கொடுமை, தெரு ஃபென்டனிலில் எட்டிசோலம் போன்ற தூக்க மருந்துகள் கலந்து வருவது. போட்டவள் நாலைந்து மணி நேரம் அசைவற்றுக் கிடப்பாள். எழுந்தால் நடுவில் நடந்தது எதுவும் நினைவில் இருக்காது. அந்த நேரத்தில் பணம் திருடுபோவதும் பாலியல் வன்முறை நடப்பதும் அங்கே சகஜம். உதவ வருபவர்களும் இதில் ஒரு தவறு செய்கிறார்கள். மாகாணம் இலவசமாகத் தரும் பெட்டியில் மிகைபோதையை முறிக்கும் நலாக்சோன் மருந்து 0.4 மில்லிகிராம் அளவில் மூன்று குப்பிகள் இருக்கும். முதலில் மூச்சுப்பாதையைச் சரிசெய்து, 5 நொடிக்கு ஒரு மூச்சு ஊத வேண்டும். ஒரு குப்பியைத் தசையில் போட்டுவிட்டு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். நலாக்சோன் ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகளை மட்டும்தான் முறிக்கும், தூக்க மருந்தை முறிக்காது. மூச்சு சீராகிவிட்டும் அவள் கண் திறக்கவில்லை என்று பதறி மேலும் மேலும் நலாக்சோன் ஏற்றினால், விழித்ததும் கடும் டோப்சிக்கில் வாந்தியெடுத்துக்கொண்டே தெருவுக்கு ஓடுவாள். பார்க்க வேண்டியது மூச்சை, விழிப்பை இல்லை. மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே உட்கார வேண்டும். நாலு மணி நேரம் உட்கார யார் இருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

ஊசியை யார் போட்டுவிடுகிறார்கள் என்பதும் வன்முறைக் கதையின் ஒரு பகுதி. பல பெண்களுக்கு நரம்பு மெலிது, சீக்கிரம் சுருங்கிவிடும். கழுத்தில் போட்டுக்கொள்ளத் தானாக முடியாது. பெரும்பாலும் காதலன் போட்டுவிடுகிறான். பொருளை வாங்கி வருபவனும் அவன்தான், பணம் அவள் சம்பாதித்தது. அவன் முதலில் போட்டுக்கொள்வான், அதே ஊசியில் அவளுக்கு இரண்டாவது. வான்கூவரின் ஆய்வுகளில், ஊசி போட இன்னொருவர் தயவு தேவைப்படுவது எச்.ஐ.வி. தொற்றோடு சேர்ந்தே வந்தது. சினிமாவில் வரும் மாமாப்பயல் மாதிரி யாரும் இங்கே அவ்வளவாக இல்லை. நரம்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரு காதலன் போதும், அவளை அறையை விட்டு அனுப்பவும் தடுக்கவும். 2003 செப்டம்பரில் திறந்த இன்சைட் என்ற கண்காணிப்பு ஊசிக் கூடம் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. 2011-ல் கனடா உச்ச நீதிமன்றமும் அதை மூடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஒருவருக்கு இன்னொருவர் போட்டுவிடுவதை அதன் விதிகள் பல ஆண்டுகள் அனுமதிக்கவில்லை. யாருக்கு உதவி அதிகம் வேண்டுமோ அந்தப் பெண்கள் வாசலிலேயே திரும்ப வேண்டியிருந்தது.

மனக்காயமும் நம்பகத்தன்மையும்

மெலிசா ஃபார்லியும் சக ஆய்வாளர்களும் வான்கூவரில் 100 பெண்களைப் பேட்டி கண்டு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 82 சதவீதம் பேர் சிறுவயதிலேயே பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள். 72 சதவீதம் பேருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது. ஃபார்லி இந்தத் தொழிலையே ஒழிக்க வேண்டும் என்ற தரப்பைச் சேர்ந்தவர். தெருவில் எடுத்த இந்தக் கணக்கை அறைகளுக்குள்ளும் இணையம் வழியாகவும் தொழில் செய்வோருக்குப் பொருத்திப் பேசுவது சரியாகாது. டவுன்டவுன் ஈஸ்ட்சைடு தெருவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டால் அந்த எண்கள் அங்கே வேலை செய்பவர்களை ஆச்சரியப்படுத்துவதில்லை.

பேட்டி அளித்தவர்களில் 52 சதவீதம் பூர்வகுடிப் பெண்கள். நகர மக்கள்தொகையில் அவர்கள் மிகச் சிறிய பங்கு. கனடா அரசும் கிறிஸ்தவ சபைகளும் நடத்திய வசிப்பிடப் பள்ளிகளில் ஏறக்குறைய 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டார்கள். கடைசிப் பள்ளிகள் மூடியது 1990-களில். பள்ளியில் அடிபட்டு வளர்ந்தவர்கள் பெற்றோரானார்கள், அவர்கள் பிள்ளைகளைக் குழந்தைநல அலுவலகம் எடுத்துக்கொண்டு வளர்ப்பு வீடுகளில் விட்டது. 19 வயதில் வளர்ப்பு வீட்டுப் பொறுப்பு முடிந்து தெருவில் நிற்கும் பெண்ணின் காயம் அவளோடு தொடங்கியதில்லை.

மனக்காயம் உடம்பில் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால் போதையின் வேலையும் புரியும். சதா உஷார், சின்னச் சத்தத்துக்கும் துள்ளல், தூங்கினால் அதே கனவு. இதற்கு ஹெராயினைப்போல வேகமாக வேலை செய்யும் மருந்து கிடையாது. நொடிகளில் அந்த உஷார் தணிந்துவிடும். கிராக்கும் மெத்தாம்ஃபெட்டமைனும் வேறு தேவைக்கு. வெளியே படுப்பவள் இரவில் தூங்கினால் ஆபத்து, விழித்திருக்க அவை வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் போதையை மட்டும் நிறுத்தும் முகாம்களில் நடப்பது தெரிந்த கதை. ஐந்தாறு நாள் டீடாக்ஸ், அதாவது உடம்பிலிருந்து போதையை இறக்குவது. மூன்றாம் நான்காம் நாள் உடம்பு கொஞ்சம் தெளிகிறது, மரத்திருந்த நினைவெல்லாம் திரும்புகிறது, கலப்பு வார்டில் பக்கத்துக் கட்டிலில் எவனோ ஓர் ஆண். அன்றிரவே எழுந்து போய்விடுகிறாள். வெளியே வந்ததும் பழைய அளவையே போடுகிறாள். உடம்பின் தாங்குதிறன் அதற்குள் இறங்கியிருக்கும். டீடாக்ஸ் முடிந்த முதல் சில நாட்கள் சாவுக்கு மிக அருகிலான நாட்கள் என்பதை மருத்துவர்கள் அறிவார்கள். போகும்போது கையில் நலாக்சோன் பெட்டி கொடுத்து அனுப்புகிறார்களா என்பதில்தான் இடத்துக்கு இடம் வித்தியாசம்.

அடிபடும்போது மனம் உடம்பை விட்டு ஒதுங்கிக்கொள்வது இன்னொன்று. பிறகு கேட்டால் நினைவு துண்டு துண்டாகத்தான் வரும்: அவன் மோதிரம் துல்லியமாக நினைவிருக்கும், கிழமை மறந்திருக்கும். விசாரணை அதிகாரி கேட்பதோ வரிசை, நேரம், தெரு எண். முதல் நாள் சொன்னதற்கும் மூன்றாம் நாள் சொன்னதற்கும் வித்தியாசம் வந்தால் ‘பொய் சொல்கிறாள், போதை வேறு’ என்று கோப்பு மூடப்படும்.

1997 மார்ச்சில் இது முழு அளவில் நடந்தது. டவுன்டவுன் ஈஸ்ட்சைடில் காரில் ஏறிய ஒரு பெண், கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி போர்ட் கோக்விட்லமில் இருந்த ராபர்ட் பிக்டனின் பன்றிப் பண்ணையிலிருந்து கத்திக்குத்துக் காயங்களோடு, ஒரு மணிக்கட்டில் கைவிலங்கோடு தப்பி ஓடி வந்தாள். அவ்வழியே காரில் வந்தவர்கள் அவளைக் காப்பாற்றினார்கள். காயம்பட்ட பிக்டனும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். அவனிடமிருந்த சாவி அவள் விலங்கைத் திறந்தது. கொலை முயற்சி வழக்குப் பதிவானது. விசாரணைக்கு முன்பு அரசு வழக்கறிஞர் சந்தித்தபோது அவள் போதையில் இருந்தாள். சாட்சி சொல்லும் நிலையில் இல்லை என்று முடிவு செய்து 1998 ஜனவரியில் வழக்கை நிறுத்தி வைத்தார்கள். அவளைச் சில வாரம் பாதுகாப்பான இடத்தில் வைத்து, ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் மெத்தடோன் மருந்து கொடுத்து நிலைப்படுத்தியிருந்தால் சாட்சிக் கூண்டில் நின்றிருக்க முடியும். மருத்துவ ரீதியாக இது பெரிய காரியமே இல்லை. அன்று கைப்பற்றிய பிக்டனின் துணிகளும் ரப்பர் பூட்ஸும் போலீஸ் கிடங்கில் கிடந்தன. 2004-ல் சோதித்தபோது அவற்றில் காணாமல் போன இரண்டு பெண்களின் மரபணு இருந்தது.

அந்த வழக்கு நின்ற பிறகும் பெண்கள் காணாமல் போய்க்கொண்டே இருந்தார்கள். தொடர் கொலைகாரன் ஒருவன் இருக்கக்கூடும் என்று வான்கூவர் போலீசிலேயே இருந்த புவியியல் பகுப்பாய்வாளர் கிம் ரோஸ்மோ எச்சரித்தார், எடுபடவில்லை. பிக்டன் சிக்கியது 2002 பிப்ரவரியில், சட்டவிரோதத் துப்பாக்கி தேடிப் போன ஒரு சோதனையில். பண்ணையில் 33 பெண்களின் மரபணு கிடைத்தது. 2007 டிசம்பரில் ஆறு கொலைகளுக்குத் தண்டனை. 2024 மே மாதம் சிறையில் சக கைதி தாக்கி இறந்தான். வாலி ஓப்பல் தலைமையிலான விசாரணை ஆணையத்தின், 2012 டிசம்பரில் வெளியான அறிக்கை போலீசின் அப்பட்டமான தோல்விகளையும், ஏழை, பூர்வகுடி, போதைப் பழக்கமுள்ள பெண்கள் என்பதால் விளைந்த அமைப்பு ரீதியான பாரபட்சத்தையும் பெயர் சொல்லிக் குறித்தது. காணாமல் போனவர்களுக்காக 1992-லிருந்து பிப்ரவரி 14 தோறும் அந்தத் தெருக்களில் பேரணி போகும் குடும்பங்களுக்கு அறிக்கையில் புதிதாக எதுவும் இல்லை.

எது வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது

முதலில் ‘பேட் டேட்’ சீட்டு. அடித்தவன், ஏமாற்றியவன், கழுத்தை நெரித்தவன் பற்றிப் பெண்களே சொல்லும் தகவலைத் தொகுத்துத் தாளில் அச்சிட்டு ஒட்டுவது, கையில் கொடுப்பது. நல்ல சீட்டில் தேதி, நேரம், ஏறிய முனை, கொண்டுபோன இடம், காரின் நிறம், வகை, பிளேட்டில் நினைவிருக்கும் எழுத்துகள், காருக்குள் கிடந்தவை, அவன் பல், உடம்பில் குத்திய பச்சை, குரல், முதலில் என்ன சொல்லி ஏற்றினான் என்பதெல்லாம் இருக்கும். போலீசுக்குச் சொல்லலாமா என்ற கேள்விக்கு அவள் பதில் தனியாக. பெயர் வேண்டியதில்லை. சறுக்குவது இரண்டு இடத்தில். விவரம் வாங்கியவர் ‘சந்தேகத்துக்குரிய ஆண், நடுத்தர வயது’ என்று சுருக்கிவிட்டால் அந்தச் சீட்டு குப்பை. வாரம் ஒருமுறைதான் அச்சிடுவது என்றால் அதற்குள் அவன் மறுபடி வந்துவிட்டிருப்பான்.

அடுத்து வேன். விஷ் என்ற பெண்கள் மையமும் பேஸ் என்ற தொழிலாளர் அமைப்பும் 2004-ல் தொடங்கிய நடமாடும் வேன், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை பெண்கள் நிற்கும் முனைகளைச் சுற்றி வரும். உள்ளே இருப்பவர்களில் இந்தத் தொழிலில் இருந்த பெண்களும் உண்டு. ஆணுறை, புது ஊசி, தண்ணீர், காபி, சீட்டு, கொஞ்சம் உட்கார இடம். வேனைப் பயன்படுத்திய பெண்களிடம் கேட்டபோது 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். 16 சதவீதம் பேர் வேன் வந்ததால் தாக்குதலிலிருந்து தப்பிய ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொன்னார்கள், 10 சதவீதம் பேர் பாலியல் வன்முறையிலிருந்து. காபி கொடுக்கும் வேன்தானே என்று நிதிக் கூட்டங்களில் இளக்காரமாகப் பேசுபவர்கள் அந்த 16-ஐ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சாட்சியாக ஒரு வண்டி சுற்றுகிறது என்பதே அடிப்பவனுக்குத் தடை.

எல்லாவற்றிலும் பலமானது கூரை. பெண்களுக்கு மட்டுமான இரண்டு ஆதரவு விடுதிகளில், குடியிருப்பவர்கள் வாடிக்கையாளரை அறைக்கு அழைத்து வர அனுமதித்தார்கள். வருபவர் முன்வாசலில் பெயர் பதிய வேண்டும், தாழ்வாரத்தில் கேமரா, கூப்பிட்டால் ஊழியர் வருவார். அங்கிருந்த 39 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2012-ல் வந்தது. ஆணுறை மறுப்பவனை வெளியே அனுப்ப முடிகிறது என்றார்கள். அவன் பெயர் வாசலில் பதிவாகியிருப்பதே காரணம். அப்போதைய சட்டப்படி இப்படியொரு விடுதி ‘விபச்சார விடுதி’ வரையறைக்குள் வரும்.

முன்பு அதே பகுதியில் ‘கிராண்ட்மாஸ் ஹவுஸ்’ என்ற பாதுகாப்பு இல்லத்தைப் போலீஸ் மூடியது இந்தச் சட்டத்தைக் காட்டித்தான். பண்ணைக்குக் கார்கள் போய்க்கொண்டிருந்த அதே காலம். 2013 டிசம்பர் 20 அன்று பெட்ஃபோர்ட் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் விடுதி, தொழில் வருமானத்தில் வாழ்வது, பொது இடத்தில் பேசுவது ஆகிய மூன்று தடைகளையும் ஒருமனதாக ரத்து செய்தபோது, இந்த வீட்டையே உதாரணமாகச் சொன்னது: தொடர் கொலைகாரன் திரியும் தெருவிலிருந்து ஒதுங்க ஒரு வீட்டைக்கூட விடாத சட்டம் தன் நோக்கத்தையே மறந்துவிட்டது என்று.

ஓராண்டில், 2014 டிசம்பரில், புதுச் சட்டம் வந்தது. இப்போது வாங்குவது குற்றம். பெண்ணைக் காப்பது நோக்கம் என்றார்கள். பெண்களை விட்டு வாடிக்கையாளரை மட்டும் பிடிக்கும் முறையை வான்கூவர் போலீஸ் அதற்கு முன்பே கையாண்டு பார்த்தது. அதன் விளைவை 31 பேரிடம் கேட்டு ஒரு குழு 2014-ல் வெளியிட்டது. பிடிபடுவோமோ என்று இப்போது பயப்படுவது காரில் இருப்பவன். ‘சீக்கிரம் ஏறு’ என்பது அவன். ஒதுக்குப்புறமாகப் போவோம் என்பதும் அவன். ஜன்னலில் கிடைக்க வேண்டிய இரண்டு நிமிடம் பழையபடி இல்லை.

அடிபட்டு வந்தவளுக்கு அவசரப் பிரிவில் செய்ய வேண்டியவற்றில் தவறவிடப்படுவது கழுத்து நெரிப்பு. பாதிப் பேருக்கு வெளியே தடமே இருக்காது. குரல் கம்மல், விழுங்கச் சிரமம், கண் வெள்ளையிலும் இமையிலும் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள், கொஞ்ச நேரம் நினைவு தப்பியது, சிறுநீர் கழிந்தது ஆகியவற்றைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்து ரத்தக்குழாய் உட்சுவர் கிழிந்திருந்தால் பக்கவாதம் நாட்கள் கழித்தும் வரலாம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள். வீடில்லாதவள் 28 நாள் மாத்திரையை எங்கே வைப்பாள் என்று யோசிக்காமல் மொத்தமாகக் கொடுத்தனுப்பினால் பையோடு திருடுபோகும், அதனால் சில நாளுக்கு ஒருமுறை வேனிலோ மையத்திலோ வைத்துக் கொடுப்பது நல்லது. பரிசோதனை முடியும்வரை டோப்சிக் வராமல் மருந்து கொடுத்து வைப்பதும் முக்கியம். மூன்று மணி நேரம் காக்க வைத்தால் அவள் எழுந்து போவது ஒத்துழையாமையால் இல்லை.

2017 மேயில் ஆடிரா அமைப்பு டவுன்டவுன் ஈஸ்ட்சைடில் பெண்களுக்கு மட்டுமான மிகைபோதைத் தடுப்பு இடம் ஒன்றைத் திறந்தது. எல்லோருக்குமான இடங்களில் வாசலில் நிற்பவன் கடன் கேட்பவனாகவோ, போன வாரம் அடித்தவனாகவோ இருப்பான். பாதி மயக்கத்தில் அவன் கண்முன் உட்கார எந்தப் பெண்ணும் விரும்ப மாட்டாள்.

நீண்ட கால சிகிச்சையில் தடங்கல் பெரும்பாலும் மருந்தின் வீரியத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. மெத்தடோனை முதல் நாள் 30 மில்லிகிராம் போலத் தொடங்கி சில நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். பலருக்கு 60 முதல் 120 வரை தேவை, ஃபென்டனிலுக்குப் பழகியவர்களுக்கு அதற்கு மேலும். அந்த அளவை எட்டும் வாரங்களில் டோப்சிக் முழுக்கப் போகாது, தெருவும் விடாது. இதை முன்பே சொல்லாவிட்டால் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று விட்டுவிடுவாள். தினமும் மருந்தாளர் கண்முன்னே குடிக்க வேண்டும். விடியலில் படுத்து மாலையில் எழுபவளுக்கு மருந்தகம் மூடும் நேரம் ஒரு சுவர். தொடர்ந்து சில நாள் தவறினால் பாதுகாப்புக் கருதி அளவைக் குறைத்து மறுபடி ஏற்ற வேண்டும், மறுபடி அந்த வாரங்கள். பியூப்ரனார்ஃபின் என்ற இன்னொரு மாற்று மருந்தை, ஃபென்டனில் உடம்பில் இருக்கும்போதே முழு அளவில் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கடும் டோப்சிக் வரும். அதனால் வான்கூவர் மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில், தெருப்பொருளை நிறுத்தச் சொல்லாமலே, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டுபோகும் முறைக்கு மாறினார்கள். அப்படி நிலைப்பட்ட பிறகு மாதம் ஒருமுறை போடும் பியூப்ரனார்ஃபின் ஊசிக்குப் போகலாம். ஃபென்டனிலை அதிக அளவில் பயன்படுத்தியவர்களில் எல்லோருக்கும் அது போதாது. அவர்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை செவிலியர் மாற்றும், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டைகளைத் தரும் திட்டமும் அங்கே நடந்தது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மெத்தடோன் புட்டியைக் காதலன் பிடுங்கி விற்றுவிடுவது வழக்கம், கொடுக்காவிட்டால் அடி. அவள் வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு மாதம் இருக்கும் மருந்தை அவனால் எடுக்க முடியாது.